வழியுணவும் மனையுணவும்



உணவின் சுவையைப் பேசுகிறவன் என்றால் வயிறு நிறைந்தவன், செல்வன், நாவுக்கு அடிமையானவன் என்று எண்ணுவதே உலக வழக்கம். பழந்தமிழில் நிலைமை வேறு. அங்கே ஊர் ஊராகச் சென்று, எந்த மனையில் எது கிடைக்கும், அது எப்படிச் சமைக்கப்பட்டது, எதனோடு சேர்த்து உண்டால் இனிக்கும் என்று நுணுகிச் சொன்னவன் பாணன். அவன் வீட்டு அடுப்போ பல நாள் எரியாதது. பசியை நன்கறிந்தவன் சுவையையும் அறிந்திருந்தான் என்பது ஆற்றுப்படை நூல்கள் தரும் முதற் செய்தி.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படையே. முருகனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை நீங்க, ஏனைய நான்கும் வள்ளல்களிடம் ஆற்றுப்படுத்துவன. பரிசில் பெற்று மீள்பவன் எதிரே வறியவன் ஒருவன் சுற்றத்தோடு வருகிறான். மீள்பவன் அவனை நிறுத்தித் தான் சென்ற வழியையும், வழியில் உண்டதையும், வள்ளலின் இயல்பையும் கூறி அனுப்புகிறான். கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் இவ்வாறு பேசுவதைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஒரு துறையாகவே வகுத்துள்ளது. உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின் இந்நூல்களை நிலப்பிரிவுக்கும் வரலாற்றுக்கும் சான்றாக எடுத்து ஆண்டவர் பலர். உணவுப் பயண நூல்களாக அவற்றைப் படித்தவர் குறைவு. ஐந்நூறு அடி கொண்ட பெரும்பாணாற்றுப்படையிலும், ஐந்நூற்று எண்பத்து மூன்று அடி கொண்ட மலைபடுகடாத்திலும் வழிநெடுகத் திரும்பத் திரும்ப வருவது ‘பெறுவீர்’ என்னும் பொருள்படும் ஒரு வினைமுற்று. இந்த ஊரில் இதனைப் பெறுவீர். அடுத்த ஊரில் அதனைப் பெறுவீர். பசித்தவன் செவிக்கு அதைவிட இனிய சொல் எது?

பயணம் தொடங்கும் இடத்தை முதலில் காண வேண்டும். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் பேசுகிறவன் தான் முன்பு விட்டுப் புறப்பட்ட அடுக்களையை ஒளிக்காமல் காட்டுகிறான். அங்கே ஒரு நாய் ஈன்று கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் மடியைப் பற்றுகின்றன. பால் இல்லாமையால் தாய் நோவு தாளாமல் குரைக்கிறது. கூரையின் கழிகள் கட்டு விட்டுச் சரிந்துள்ளன. கறையான் அரித்த சுவரின் புழுதியில் காளான் பூத்திருக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். உண்ணும் நேரம் வந்ததும் எழுந்து சென்று கதவை அடைக்கிறாள். இந்த உணவைப் பார்த்து அறிவற்றவர் ஏளனம் செய்வரே என்ற நாணம். அடைத்த கதவுக்குள்ளும் அவள் தனியே உண்ணவில்லை. மெலிந்த சுற்றத்தாரோடு பகிர்ந்தே உண்கிறாள்.

இந்த அடைத்த கதவைச் செவியில் வாங்கிக்கொண்டே ஆற்றுப்படையின் ஏனைய பகுதிகளைக் கேட்க வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு மனையும் திறந்த கதவாக நிற்பதன் பொருள் அப்போதுதான் விளங்கும்.

திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலில் இருந்த நல்லியக்கோடனை நோக்கிய வழி நெய்தலில் தொடங்குகிறது. எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த பழந்தேறலும் குழல்மீன் சூடும். வேலூரில் எயிற்றியர் சமைத்த இனிய புளி சேர்ந்த சுடுசோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரில், உலக்கையின் இரும்பு முகம் தேயும்படி குற்றித் தீட்டிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும். மூன்று ஊர், மூன்று நிலம், மூன்று சோறு. ஆமூர் அரிசியைச் சொல்லும்போது புலவர் சோற்றின் வெண்மையோடு நின்றுவிடவில்லை. அந்த வெண்மைக்காகத் தேய்ந்த உலக்கையையும் சொல்கிறார்.

இந்தப் பார்வை கடியலூர் உருத்திரங்கண்ணனாரிடம் இன்னும் விரிகிறது. காஞ்சியின் இளந்திரையனை நாடிச் செல்லும் பெரும்பாணனுக்கு வறண்ட நிலத்துக் குடிசையில் கிடைப்பது புல்லரிசிச் சோறு. அது எப்படிச் சோறாயிற்று? ஈன்ற தாய் ஒருத்தி குழந்தையோடு குடிசையில் கிடக்கிறாள். மற்ற பெண்கள் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்த புல்லரிசியை எடுத்து வருகிறார்கள். விளாமர நிழலில், முற்றத்தில் தோண்டிய நில உரலில் இட்டுக் குற்றுகிறார்கள். ஆழ்ந்த கிணற்றில் மெல்ல ஊறும் உவர்நீரை முகந்து, விளிம்பு உடைந்த பழம்பானையில் ஊற்றி, முரிந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள். உப்புக்கண்டத்தோடு வெந்த அந்தச் சோறு, தெய்வத்துக்குப் படைப்பது போலத் தேக்கிலையில் குவிக்கப்பட்டு, வழிப்போக்கனுக்கும் அவன் சுற்றத்துக்கும் வைக்கப்படுகிறது. உடைந்த பானையும் தெய்வப் படையலும் ஒரே மூச்சில் வருகின்றன. எறும்பின் சேமிப்பிலிருந்து எடுத்த அரிசியை முன்பின் அறியாத இசைவாணனுக்கு வைக்கும் அந்த வீட்டைக் கண்டவர், வள்ளல் என்ற சொல்லை அரசர்க்கு மட்டும் உரியதாக்கத் தயங்குவர்.

அடுத்து இடையர் குடி. பறவைகள் எழும் விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைச் சுமட்டில் ஏற்றி விற்று வரும் பெண், மோருக்கு மாறிய தானியத்தால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போது மட்டும் அவள் பொன்னை வாங்குவதில்லை. எருமையும் பசுவும் கன்றுமாகக் கேட்டுப் பெறுகிறாள். பொன் கன்று போடாது என்பதை அவள் அறிவாள். அவர்கள் வீட்டில் பாணன் பெறுவது பாலோடு தினைச்சோறு. அந்தத் தினைப் பருக்கைகள் நண்டின் சிறு குஞ்சுகள் போல் இருந்தனவாம். முல்லை நிலத்துச் சீறூரில் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்பு. அது வேங்கைப் பூவைப் போல் இருந்ததாம். உணவுக்கு உவமை தேடிப் புலவர் எட்டப் போகவில்லை. இங்கே கவிதை எழுதுவோர் பலர் கூடியிருக்கிறீர்கள். ஒரு பருக்கையை நண்டுக்குஞ்சாகக் காண்பதற்கு எவ்வளவு அருகில் குனிந்து பார்த்திருக்க வேண்டும், எவ்வளவு பசித்திருக்க வேண்டும் என்பதை நீங்கள் பிறரினும் நன்கு அறிவீர்கள்.

மேலும் நடந்தால் மருதம். உழவர் மனையில் வெண்ணெல் சோறும் வீட்டுக் கோழிப் பொரியலும், ஆலைகளில் கருப்பஞ்சாறு, வலைஞர் சேரியில் தேறலும் சுட்ட மீனும். பின்னர் அந்தணர் உறையும் ஊர். கோழியும் நாயும் அணுகாத அம்மனையில், அருந்ததி போன்ற கற்புடைய பெண் காலமறிந்து சமைத்த உயர்ந்த நெல்லின் சோறு கிடைக்கிறது. அதற்குத் துணையாக வருவதுதான் பெருஞ்சிறப்பு. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகு கலந்து, கறிவேப்பிலை சேர்த்து, பசுவின் மோரில் எடுத்த வெண்ணெயில் வெதுப்பிய பொரியல். மாவடு ஊறிய காடி. இன்றைய தமிழ்ச் சமையலறைக்குள் இந்த இரண்டையும் கொண்டு வைத்தால் எவரும் அயலுணவு என்று சொல்லார். மிளகாய் மட்டுமே அங்கில்லை. அது போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின்னர் 16ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்தது. அதுவரை காரம் என்பது மிளகின் காரமே.

இவ்வழியில் உடும்பும் வருகிறது, பன்றியும் வருகிறது, கள் அடிக்கடி வருகிறது. மேடையில் பெரும்பாணாற்றுப்படை பேசுவோர் சிலர் மாதுளங்காயில் நெடுநேரம் தங்கி, உடும்பு வந்ததும் விரைந்து நடந்துவிடுவதுண்டு. புலவர் அப்படி நடக்கவில்லை. அரண் சூழ்ந்த எயினர் குடியில் செந்நெற் சோற்றோடு உடும்பு வறுவலைத் தின்ற அதே பாணன்தான் சில நாள் நடந்து அந்தணர் மனையில் மாவடு பெறுகிறான். முன்னதற்குக் கூச்சமும் பின்னதற்குப் பெருமிதமும் அவன் குரலில் இல்லை. அவன் அம்மனையின் உள்ளே அமர்ந்து உண்டானா, வாயிலில் பெற்று உண்டானா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. அம்மனையைத் தன் வழியில் உள்ள மனைகளுள் ஒன்றாக அவன் எண்ணினான் என்பது மட்டும் தெளிவு.

அரண்மனை விருந்துக்கு வரும்போது பாட்டின் போக்கு மாறுகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் தந்த விருந்து புகழ்பெற்றது. கொழுத்த இறைச்சியும், முல்லை மொட்டுப் போன்ற சோறும், பொரிக்கறிகளும் நாள்தோறும் வருகின்றன. இரவும் பகலும் ஊன் தின்று தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போல் பொருநனின் பற்கள் மழுங்கிப் போகின்றன. மூச்சு விடவும் இடமில்லை. உணவே வெறுத்து, ஊருக்குப் போக விடை கேட்கிறான். முடத்தாமக்கண்ணியார் இதை வள்ளன்மையின் மிகுதியாகவே பாடினார். ஆயினும் மழுங்கிய பல் என்னும் உவமை நகையையும் உடன் கொண்டு வருகிறது. சிறுபாணாற்றுப்படையிலோ அரண்மனை அடிசில், வீமன் இயற்றிய மடைநூலின் நெறி வழுவாதது என்ற அளவில் நின்றுவிடுகிறது. என்ன கறி, எவர் கையால், எந்த உலக்கை தேய்ந்தது என்ற செய்தி இல்லை. நல்லியக்கோடன் தானே நின்று பொற்கலத்தில் இட்டு ஊட்டினான் என்பதில்தான் புலவர் மனம் நிற்கிறது. அரசனின் பெருமை பாடப் புறப்பட்ட பாட்டில், நாவில் தங்கும் உணவெல்லாம் குடிசைகளில் கிடைத்தவையாக இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். பெருங்கலத்தில் சமைத்ததற்கு முகம் இல்லை. சிறுகலத்துச் சோற்றின் பின்னே சமைத்தவள் நிற்கிறாள்.

வழிக்குத் தாமே உணவு கொண்டு சென்றோரும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வணிகர் குடும்பத்தோடு வண்டியில் செல்கின்றனர். வண்டியின் முன்பக்கத்தில், ஆடுகளத்து மத்தளம் போலக் கயிற்றால் கட்டிய காடிப் பானை தொங்குகிறது. குழந்தையை இடுக்கிய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வீட்டையே வழியாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்தக் காடிப் பானையின் கால்வழியே பின்னாளில் கட்டுச்சோறாக வந்தது. சோற்றை ஆற விரித்து, புளிக்காய்ச்சலும் நல்லெண்ணெயும் கலந்து, இலையில் இறுகக் கட்டினால் இரண்டு நாள் தாங்கும். புளிப்பும் எண்ணெயும் சோற்றைக் காப்பதை அறிந்தே பயணத்துக்குப் புளியோதரை வகுத்தனர். பெரியபுராணத்தில் இறைவனே பொதிசோறு சுமந்து வருகிறான்: திருப்பைஞ்ஞீலி வழியில் பசித்த நாவுக்கரசருக்கும், திருக்குருகாவூர் வழியில் பசித்த சுந்தரருக்கும். அடியவர் பசித்து நடந்தால் ஆண்டவன் சமையற்காரனாவதைத் தவிர வேறு வழியில்லை என்று சேக்கிழார் கண்டார் போலும்.

அதே பெரியபுராணத்தில் பாணர் ஒருவரும் வருகிறார், திருநீலகண்ட யாழ்ப்பாணர். ஞானசம்பந்தரோடு ஊர்தோறும் சென்று அவர் பதிகங்களை யாழில் இட்டவர். சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் இல்லத்தில் சம்பந்தர் தங்குகிறார். பாணருக்கும் அவர் துணைவியார்க்கும் இரவு தங்க இடம் தரும்படி சம்பந்தர் கேட்க வேண்டியிருக்கிறது. நீலநக்கர் நடுமனையில் வேள்வித் தீயின் அருகே இடம் தருகிறார். தீ வலஞ்சுழித்து ஓங்கி எழுந்தது என்கிறது புராணம். படிப்போர் மெய்சிலிர்க்கும் இடம் அது. ஆனால் ஆற்றுப்படையை நினைவில் கொண்டு படிப்பவர்க்கு வேறொன்றும் தோன்றும். மலைபடுகடாத்தில், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் யாம் என்று சொன்னால் போதும். மலையடிவாரத்து ஊரில் உம் வீடு போலவே வாயிலில் நில்லாமல் உள்ளே போகலாம், உறவினர் போலக் கேளாமலே பழகலாம், தொலைவு நடந்த வருத்தம் நீங்க அவர்கள் இன்சொல் சொல்வர், நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு தருவர் என்று பெருங்கௌசிகனார் பாடினார். சில நூற்றாண்டுகளுக்குள் பாணன் ஒருவன் ஒரு வீட்டுக்குள் நுழைய ஞானக் குழந்தையின் பரிந்துரையும் தீயின் சான்றும் தேவைப்பட்டன. அந்த இடைக்காலத்தில் அடுப்பு அணையவில்லை, சமையல் தாழவில்லை. கதவு சாத்தப்பட்டது.

சாத்திய கதவைத் திறக்க முயன்றோரும் எக்காலத்தும் இருந்தனர். தஞ்சை மராட்டியரின் சத்திரங்கள் அதற்குச் சான்று. இரண்டாம் சரபோசி மன்னர் 1801இல் கும்பினியின் தஞ்சைப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், இராமேசுவரச் சாலையில் உள்ள சத்திரங்களின் நடைமுறையை விளக்குகிறார். அந்தணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கர்க்கும் சோறு. சமைத்ததை ஏற்காதவர்க்கு அரிசியும் பண்டங்களும். உணவளிப்பு நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வருக என்று கூவி அழைப்பர். சாதி வரிசை அங்கும் நீங்கியதில்லை. சமைத்ததை ஏற்காதவர் என்ற பிரிவே அதைச் சொல்லும். ஆனாலும் நள்ளிரவில் ஒலிக்கும் அந்த மணியோசை, ஆற்றுப்படைப் பாணன் சொன்ன ‘பெறுவீர்’ என்னும் சொல்லின் எதிரொலியாகவே கேட்கிறது.

அடுத்து வந்த புகைவண்டி எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றியது, இலையைப் பிரித்தது. நிலைய உணவுச் சாலைகளில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி இடம் இருந்தது. தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் அது நீங்கியது. அதற்கு முன்பே, 1920களின் நடுவில், சேரன்மாதேவி குருகுலத்தில் சிறுவர்க்குத் தனிப்பந்தி இட்ட செய்தி தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாக்கியது. வ.வே.சு. ஐயர் கம்பனைக் கற்றுத் தோய்ந்தவர். நாட்டுக்காகத் துன்பம் ஏற்றவர். அத்தகைய ஒருவர் நடத்திய இடத்திலேயே பந்தி பிரிந்தது என்றால், இலக்கியப் பயிற்சி தானாகக் கதவு திறந்துவிடாது என்பது இலக்கிய வட்டங்கள் அடிக்கடி நினைக்க வேண்டிய செய்தி. இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைப் பற்றிய செய்திகள் இன்றும் நின்றபாடில்லை. அங்கே தேநீர் எவ்வளவு மணமாக இருந்தாலும், அதை நல்ல உணவு என்று எந்தப் பாணன் பாடுவான்?

இனி மனைக்குத் திரும்ப வேண்டும். வழியுணவைப் பாட நூற்றுக்கணக்கான அடிகள் தேவைப்பட்டன. மனையுணவுக்கு ஆறே அடி போதும் என்று கண்டவர் கூடலூர் கிழார். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு அது. புதுமணப் பெண் கட்டித் தயிரைத் தன் மெல்விரலால் பிசைகிறாள். அந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் நிறைகிறது. புளிப்பும் இனிப்புமான குழம்பை, இன்றைய மோர்க்குழம்பின் மூதாட்டி என்று சொல்லத்தக்கதை, தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. இதைச் சொல்பவள் அந்த வீட்டாள் அல்லள். பார்த்துவரச் சென்ற செவிலி. தாயிடம் திரும்பி வந்து சொல்கிறாள். அவளும் ஒரு வழிப்போக்கியே. அவள் என்ன உண்டாள் என்பதைச் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறாள். குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்ததா என்பதும் தெரியாது. முதற் சமையல் ஆதலின் ஐயத்துக்கு இடமுண்டு.

நற்றிணையில் போதனார் காட்டும் பெண்ணும் அத்தகையவளே. பொற்கலத்தில் தேன் கலந்த பாலைச் செவிலி ஏந்தி, சிறுகோல் ஓங்கி உண் என்று துரத்த, சிலம்பொலிக்கப் பந்தலில் ஓடி ஒளிந்த சிறுமி அவள். கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல் ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். உண்ண மறுத்த சிறுமியும் உண்ணாதிருக்கும் மனைவியும் ஒருத்தியே. இதனை அறிவு என்று வியந்தது பழைய உலகம். உண்ணாமையைப் பெண்ணின் பெருமையாக்கிய அந்த வியப்பை இன்று அப்படியே ஏற்க இயலாது. பாட்டின் அழகு அதனால் குறையவும் இல்லை.

ஆற்றுப்படைகள் ஒன்றைச் சொல்லாமல் விட்டன. யானையும் தேரும் பெற்றுத் திரும்பிய பாணன் வீட்டில் அன்று என்ன சமைத்தார்கள்? காளான் பூத்த அடுப்பை மீண்டும் மூட்டியவள் யாரை அழைத்தாள்? அதற்கு விடை புறநானூற்றில் உள்ளது. பெருஞ்சித்திரனார் வறுமையை உண்டு வாழ்ந்தவர்; வெறும் பானையைத் திறந்து பார்த்து அழும் மகனுக்குப் புலியைச் சொல்லியும் நிலவைக் காட்டியும் ஆற்றிய தாயைப் பாடியவர். முதிரமலைக் குமணனிடம் பெருவளம் பெற்று வீடு வந்த அவர், மனைவியிடம் பேசுவது 163ஆம் பாட்டு. உன்னை விரும்பி வாழ்பவர்க்கும் கொடு. நீ விரும்பி வாழ்பவர்க்கும் கொடு. உன் உறவின் மூத்தோர்க்கும் கொடு. இன்னார்க்கு என்று பாராதே, என்னையும் கேளாதே, சேர்த்து வைத்து நன்றாக வாழ்வோம் என்றும் எண்ணாதே, எல்லார்க்கும் கொடு என்கிறார். அந்தப் பட்டியலில் ஓரிடத்தில் மட்டும் அவர் குரல் சற்றுத் தாழ்கிறது. சுற்றத்தின் கடும்பசி தீர, அளந்து தந்தால் அளந்தே திருப்ப வேண்டிய குறியெதிர்ப்பையாக முன்பு உனக்குத் தந்தார்களே, அவர்களுக்கும் என்கிறார். யார் யார் வீட்டில் எத்தனை படி வாங்கினாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.